மட்டம் போட்டது யார்?

(திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு இயன்றவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே, தாய்மார்களே, கல்லூரி விட்டு நேரா பையோட வந்து நிற்கிற மாணவ நண்பர்களே,

எனக்கு முன்னால் பேசிய தோழர் ஒரு கோரிக்கை வைத்தார். காலையில பத்து மணிக்கு மேல இந்தப் பேருந்து நிலையத்தில் சீருடையோட சுத்துற பையன்களைப் போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போகணும், பெத்தவங்களுக்கு அபராதம் போடணும், அப்பதான் நம்ம சேரிப் பிள்ளைங்க உருப்படும்னு சொன்னார். நீங்களும் பலமாகக் கை தட்டினீங்க. அந்தக் கைதட்டலுக்குள்ள இருக்கிற கவலை எனக்குப் புரியாமல் இல்லை. நம்ம பிள்ளை படிக்காமப் போயிருமோங்கிற பயம்தான் அது. ஆனாலும் நான் அந்தக் கோரிக்கையை எதிர்த்துத்தான் பேசப் போறேன். ஒத்துக்கொள்ளாதவங்க கடைசி வரைக்கும் இருந்து கேள்வி கேளுங்க.

முதல்ல, இங்கே உட்கார்ந்திருக்கிற பையன் யாருன்னு பார்ப்போம். நிலையத்தை இடிச்சுப் புதுசாக் கட்டி 2021 டிசம்பரில் திறந்தாங்க. தரை பளபளன்னு இருக்கு. ஆனா வந்து போற ஆள் அதே ஆள்தான். ஸ்ரீரங்கம், சமயபுரம், லால்குடி, முசிறி, துறையூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வர்ற பிள்ளைங்க இங்கதான் இறங்கி, தெப்பக்குளத்தைச் சுத்தியும் மெயின்கார்டு கேட்டைச் சுத்தியும் இருக்கிற பள்ளிக்கூடங்களுக்குப் பிரிஞ்சு போகுது. இந்த வரைபடத்தை மனசில் வச்சுக்குங்க, ஏன்னா மட்டம் போடுறதுங்கிறது பல நேரத்தில் பஸ்ஸில்தான் ஆரம்பிக்குது.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன்கிட்ட போன மாசம் பேசினேன். "ஏன் தம்பி ஸ்கூலுக்குப் போகல?"ன்னேன். "கேட்டைச் சாத்திட்டாங்கண்ணே"ன்னான். ஊரில் இலவச பாஸ் வச்சிருக்கிற பிள்ளைங்க கும்பலா நின்னா முதல் பஸ் நிற்காம போயிடுது. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து சேரும்போது வழிபாட்டுக் கூட்டம் முடிஞ்சு கேட்டைச் சாத்தியாச்சு. நாளைக்கு அப்பாவோட வான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டுக்குப் போனா அம்மா அடிக்கும். அதனால இங்க. "சரி, அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதானே?"ன்னு கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. "அவரை வா போன்னு பேசுவாங்கண்ணே. நிக்க வச்சே பேசுவாங்க. அதை நான் பார்க்கணுமா?"ன்னான்.

அவங்க அப்பா துப்புரவுத் தொழிலாளி. விடியறதுக்கு முன்னால வேலைக்குப் போனா மதியம் திரும்புவார். அவர் பள்ளிக்கூடம் வரணும்னா ஒரு நாள் கூலி போகும். கூலியை விடுங்க, தகப்பனை ஒருத்தன் மரியாதை இல்லாமல் பேசுறதைத் தன் வகுப்புப் பையன்களோட நின்னு பார்க்க வேண்டாம்னு நினைக்கிறானே ஒரு பதினாலு வயசுப் பையன், அதுக்கு வருகைப் பதிவேட்டில் என்ன பேரு? 'ஆ' போடுவாங்க. ஆப்சென்ட். மூணாம் நாள், நாலாம் நாள் இங்க உட்கார்ந்தே சலிச்சுப் போகும். காந்தி மார்க்கெட் பக்கம்தான். அங்க போய் நாலு மூட்டை இறக்கினா கையில் காசு. அதுக்கு அப்புறம் அவனை மாணவன்னு யாரும் சொல்றதில்லை. ஒரு மாசம் தொடர்ந்து வரலைன்னா 'நீண்ட நாள் வராதவர்'. பிறகு 'இடைநின்றவர்'. 'இடைநிற்றல்'ங்கிற சொல்லையே கவனிங்க. அவனா நின்னான்கிற மாதிரி. நிறுத்தினவன் அந்தச் சொல்லுக்குள்ள இல்லவே இல்லை.

இந்தப் பையனைப் போலீஸ் பிடிக்கட்டும்னு தோழர் சொல்றார். பிடிச்சு? இந்தியாவில் பள்ளிக்கு வராத பிள்ளை குற்றவாளி இல்லை. வேலையில் இருக்கிற, தெருவில் நிற்கிற பிள்ளையைக்கூட இளைஞர் நீதிச் சட்டம் 2015 'கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை'ன்னுதான் சொல்லுது. குழந்தைகள் நலக் குழு முன்னால கொண்டு போகணுமே ஒழிய ஸ்டேஷனுக்கு இல்லை. ஆனா சட்டம் சொல்றதும் ஸ்டேஷனில் நடக்கிறதும் ஒன்றல்லங்கிறது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சேரிப் பையன் ஒருத்தன் பேரும் ஊரும் ஸ்டேஷன் நோட்டில் ஒரு தடவை ஏறினா, அடுத்த சைக்கிள் காணாமல் போகிறபோது யாரைத் தேடி வருவாங்க?

இதுக்கு ஒரு பழைய வரலாறு இருக்கு. குற்றப் பரம்பரைச் சட்டம்னு வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில், அந்தச் சாதிப் பிள்ளைகளைப் பெத்தவங்ககிட்டேயிருந்து பிரிச்சுத் தொழிற்பள்ளியிலும் சீர்திருத்தப் பள்ளியிலும் வைக்க அதிகாரம் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் ஒழிஞ்சது. இந்தியா முழுக்க ஒழிய 1952 ஆச்சு. கல்வியைக் காவல்துறை வழியாகக் கொடுக்கிற யோசனை நம்ம தோழருக்கு இன்னிக்குத் தோன்றியதில்லை. அது அதிகாரத்தின் யோசனை. நம்ம வாயில் அது எப்படி வந்து உட்கார்ந்ததுன்னுதான் யோசிக்கணும்.

அபராதத்துக்கு வருவோம். சென்னை தொடக்கக் கல்விச் சட்டம், 1920. கட்டாயம் அறிவிக்கப்பட்ட ஊர்களில் பிள்ளையை அனுப்பாத பெற்றோரைத் தண்டிக்கலாம்னு அதிலேயே இருந்தது. அதுக்கு ஒன்பது வருஷம் முன்னால, 1911இல், கோகலே வைஸ்ராய் சபையில் கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதா கொண்டு வந்தார். அதிலும் பெற்றோருக்கு அபராதம் உண்டு. 1912இல் 38க்கு 13 என்று தோற்கடிச்சாங்க. தோற்கடிச்சது பெற்றோர் மேல இரக்கப்பட்டு இல்லை. கூலிக்காரன் பிள்ளையெல்லாம் படிக்கப் போனால் வயலில் வேலை செய்ய ஆள் எங்கேன்னு ஜமீன்தார்கள் கையெழுத்து வாங்கி அனுப்பினாங்க. ஆக, கட்டாயம் வேண்டாம்னு சொன்னதும் ஆண்டை, கட்டாயம் வந்தபோது அபராதம் கட்டச் சொன்னது பண்ணையாளை. ரெண்டு பக்கமும் அடி ஒருத்தனுக்குத்தான்.

அதே 1920இல் இன்னொண்ணு நடந்தது. அதை நம்ம கூட்டங்களில் போதுமான அளவு பேசுறதில்லை. பிட்டி தியாகராயர் தலைவரா இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதியச் சோறு போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகாமல். வருகை கூடிச்சு. பக்கத்துப் பள்ளிகளுக்கும் விரிச்சாங்க. பிறகு, தொடக்கக் கல்வி நிதியில் சோத்துக்குச் செலவு பண்ணக் கூடாதுன்னு அன்றைய அரசு தடுக்க, 1925இல் அது நின்னு போச்சு. அபராதத்துக்குச் சட்டத்தில் இடம் இருந்தது, ஓர் அணா சோத்துக்கு இடம் இல்லை.

அதுக்கு அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கத்துக்கோன்னார். மாணவன் பள்ளிக்கு மட்டம் போடலை, அரசாங்கமே பாதி நாள் மட்டம் போட வச்சது. குலக்கல்வித் திட்டம் 1954இல் காமராஜர் வந்து கைவிட்டார். 1956இல் மதிய உணவு. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை நம்ம பாப்பாக்குறிச்சியில்தான் தொடங்கி வச்சார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு தொடங்கியது. தமிழ்நாட்டில் ஏழைப் பிள்ளைங்க பள்ளிக்கு வந்த வழி இது. எந்த மாஜிஸ்ட்ரேட்டும் அபராதம் போட்டு வரலை. இதைச் சொல்லும்போது நான் எந்தக் கட்சிக்கும் சான்றிதழ் கொடுக்கலை. தட்டில் சோறு போட்ட அதே ஆட்சிகள் அந்தத் தட்டுக்குப் பின்னால நின்ன சாதியைக் கண்டுக்காமல் விட்டதுக்கும் கணக்கு இருக்கு. அதுக்கு வர்றேன்.

'கட்டாயம்'னா யாருக்குக் கட்டாயம்? அரசியல் சட்டத்தின் 45ஆவது பிரிவு, பத்து வருஷத்துக்குள்ள பதினாலு வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயலும்னு சொல்லிச்சு. கணக்குப்படி 1960. அந்த 1960 வந்து போய், இன்னும் முப்பது வருஷம் போச்சு. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினாலு வயசு வரைக்கும் கல்வி அடிப்படை உரிமைன்னு சொன்னது. 2002இல் 86ஆவது திருத்தம், 2009இல் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் அமல். அதன் 8ஆவது பிரிவைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் எடுத்துப் படிங்க. கட்டாயக் கல்வின்னா சேர்க்கை, வருகை, படிப்பை முடிப்பது மூணையும் உறுதி செய்ய வேண்டிய அரசின் கடமைன்னு விளக்கம் போட்டிருக்கு. வருகை அரசின் கடமை! பெற்றோருக்கும் கடமை உண்டுன்னு 10ஆவது பிரிவு சொல்லுது, ஆனா தண்டனை எதுவும் வைக்கலை. இது தப்பிப்போய் விடுபட்டது இல்லை. தெரிஞ்சே வைக்காமல் விட்டது. இப்ப நாம போய் அந்தக் கடமையை அரசுகிட்டேயிருந்து எடுத்து அந்தத் துப்புரவுத் தொழிலாளி தலையில வையுங்கன்னு மனு கொடுக்கப் போறோமா?

இந்தச் சட்டத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஆறிலிருந்து பதினாலு வரைதான். இங்க உட்கார்ந்திருக்கிற பையன்களில் பாதிப் பேர் ஒன்பதாவது, பத்தாவது, பதினொண்ணு. பதினாலு முடிஞ்ச அன்னிக்கு அரசு கை கழுவிடலாம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினபோது, குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவி செய்யலாம்னு ஒரு வாசலைத் திறந்து விட்டாங்க. குடும்பத் தொழில்னா என்ன? செருப்புத் தைக்கிறவன் வீட்டில் செருப்பு. பறை அடிக்கிறவன் வீட்டில் பறை. ராஜாஜி பாதி நாள் கேட்டார், இவங்க சாயங்காலம் கேட்கிறாங்க.

நீதிமன்றம் எப்பவும் நமக்கு எதிரா நின்றதுன்னும் சொல்ல மாட்டேன். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பிள்ளைகள் வேலை செய்வது பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. வேலைக்கு வச்ச முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டணும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருத்தருக்கு வேலை கொடுக்கணும், கொடுக்க முடியலைன்னா அரசு 5,000 ரூபாய் போடணும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பணும். கவனிங்க, இதுவும் அபராதம்தான். ஆனா கட்ட வேண்டியவன் பிள்ளை உழைப்பைத் தின்றவன். எல்லாருக்கும் அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததான்னு கேட்டா சிரிப்புதான் வரும். இருந்தாலும் எந்தத் திசையில் விரலை நீட்டணும்னு அந்தத் தீர்ப்பு தெரிஞ்சு வச்சிருந்தது. 2012 அக்டோபரில் இன்னொரு வழக்கில், ஆறு மாசத்துக்குள்ள எல்லாப் பள்ளியிலும் குடிதண்ணீர், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கழிப்பறை வேணும்னு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. இங்க மட்டம் போட்டு உட்கார்ந்திருப்பதில் பெண் பிள்ளைங்க யாரும் இல்லையேன்னு ஒரு தோழர் பெருமையா சொன்னார். பெண் பிள்ளை பஸ் ஸ்டாண்டில் உட்கார முடியாது தோழரே. கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லாத பள்ளிக்குப் போகாமல் மாசத்துக்கு நாலு நாள் வீட்டிலேயே இருக்கும். பிறகு வீட்டிலேயே இருந்துடும். பிறகு கல்யாணம். அது உங்க கண்ணில் படாத மட்டம்.

வெளிநாட்டுல எல்லாம் கடுமையா சட்டம் இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு. அது என்ன செய்ததுன்னு பாருங்க. இங்கிலாந்தில் 2002இல், ரெண்டு மகள்கள் பள்ளிக்குப் போகாததுக்காக ஒரு தாயை 60 நாள் சிறையில் போட்டாங்க. மேல்முறையீட்டில் குறைச்சு விட்டாங்க. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில், ஏழு பிள்ளைகளோட தாய் ஒருத்தி. பிள்ளைங்க பள்ளிக்கு வராததுக்குப் போட்ட அபராதம் வருஷக் கணக்கில் சேர்ந்து போச்சு, கட்ட முடியலை. 2014இல் 48 மணி நேரச் சிறைன்னு உள்ள போனாள். அந்த 48 மணி நேரம் முடியறதுக்குள்ள சிறை அறையிலேயே செத்துக் கிடந்தாள். டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளிக்கு வராத பிள்ளையைப் பெரியவங்களுக்கான குற்ற நீதிமன்றத்தில் நிறுத்தி, 500 டாலர் வரைக்கும் அபராதம் போட்டாங்க. வருஷத்துக்கு லட்சம் வழக்குன்னு போச்சு. அதில் யார் மாட்டினாங்க? கறுப்பினப் பிள்ளைங்களும், ஸ்பானிஷ் பேசுற வீட்டுப் பிள்ளைங்களும்தான் அதிகம். கடைசியில் 2015இல் அவங்களே அதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துட்டாங்க. அவன் கழட்டிப் போட்ட விலங்கை நாம காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கணுமா?

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வர்றேன். நாங்குநேரி.

அந்தப் பையன் பேரை நான் இங்க சொல்லப் போறதில்லை, எல்லாருக்கும் தெரியும். வள்ளியூரில் பன்னிரண்டாம் வகுப்பு படிச்சான், நல்லாப் படிக்கிற பையன். கூடப் படிக்கிற ஆதிக்க சாதிப் பையன்கள் தொடர்ந்து துன்புறுத்தினாங்க. அவன் என்ன செய்தான்? யாரையும் அடிக்கலை. யார்கிட்டேயும் சொல்லலை. பள்ளிக்குப் போறதை நிறுத்தினான். மட்டம் போட்டான்! பள்ளியிலிருந்து ஏன் வரலைன்னு விசாரிச்சாங்க. நல்ல விஷயம்தான், விசாரிக்கத்தான் வேணும். திரும்பிப் போனான். காரணத்தைச் சொன்னான். அன்னிக்கு, 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி ராத்திரி, வீட்டுக்குள்ள புகுந்து அரிவாளால வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டினாங்க. அந்த அதிர்ச்சியில் உறவுக்காரர் ஒருத்தர் உயிர் போச்சு.

தோழர்களே, இந்த வரிசையை ஒரு நிமிஷம் நிதானமாப் பாருங்க. வராமல் இருந்த நாளெல்லாம் அந்தப் பிள்ளை உயிரோட பத்திரமா இருந்தான். வந்து உண்மையைச் சொன்ன அன்னிக்கு வெட்டுப்பட்டான். பள்ளிக்கு வராததுக்கு அபராதம்னு ஒரு சட்டம் இருந்திருந்தா, முதல் நோட்டீஸ் யாருக்குப் போயிருக்கும்? அவனைத் தனியா வளர்த்த அம்மாவுக்கு. 'உங்கள் மகன் இத்தனை நாள் வரவில்லை, காரணம் கூறவும்'னு. அந்தத் தாய்க்கு என்ன தெரியும்? பையன் வீட்டில்கூட வாயைத் திறக்கலையே. நம்ம பிள்ளைங்க வராமல் இருப்பது பல நேரத்தில் ஒரு வாக்குமூலம். வாயால சொல்ல முடியாததை காலால சொல்றாங்க. அதை வாக்குமூலமா எடுக்காமல் குற்றமா எடுத்தா, குத்தம் செஞ்சவனுக்குத்தான் லாபம்.

மருத்துவமனையிலிருந்து மீண்டு அந்தப் பையன் பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 469 எடுத்தான். இதை உற்சாகப்படுத்தறதுக்காகச் சொல்லலை. படிப்பில் விருப்பமில்லாதவன்தான் மட்டம் போடுவான்னு இன்னும் சொல்றவங்களுக்காகச் சொல்றேன்.

அது நடந்த பிறகு அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டது. அவர் பிறந்தது நம்ம ஸ்ரீரங்கத்தில். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கையில் கட்டுற சாதிக் கயிறை மட்டும் பிடிச்சுக்கிட்டு தொலைக்காட்சியில் நாலு நாள் சத்தம் போட்டாங்க. கயிறு முக்கியம்தான், ஆனா எனக்கு அதைவிட முக்கியமாப் பட்டது வேற. வருகைப் பதிவேட்டில் பிள்ளைகளோட சாதி இருக்கக் கூடாது. பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்கணும். உதவித்தொகை விவரத்தை எல்லார் முன்னாலும் கூப்பிட்டுச் சொல்லாமல் தனியாத் தெரிவிக்கணும். இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். எஸ்.சி. பிள்ளைங்கெல்லாம் எழுந்திரின்னு வகுப்பில் ஒரு குரல் கேட்ட அனுபவம் இருக்கிறவங்களுக்குத்தான் இதோட அளவு தெரியும். இங்க நிற்கிற மாணவர்களில் கையைத் தூக்கச் சொன்னா எத்தனை கை தூக்கும்னு எனக்குத் தெரியும், அதனால கேட்கலை. பேருந்தில் போனாலும் விடலையே. 2025 மார்ச்சில், ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுதப் போன பதினொண்ணாம் வகுப்புப் பையனைப் பஸ்ஸை மறிச்சு வெட்டி விரலைத் துண்டாக்கினாங்க. கபடியில் ஜெயிச்சதுதான் காரணம்னு சொன்னாங்க.

இன்னொரு பக்கத்தையும் பாருங்க. சாதி இந்துக்கள் மட்டம் போட்டா அதுக்கு என்ன பேரு? திருவிதாங்கூரில் போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் அய்யன்காளி, பஞ்சமின்னு ஒரு புலையச் சிறுமியின் கையைப் பிடிச்சு ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். மத்தவங்க தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கிட்டு வெளியே போனாங்க. பள்ளியையே கொளுத்தினாங்க. எங்க பிள்ளைக்குப் பள்ளி இல்லைன்னா உங்க வயலுக்கு எங்க கை இல்லைன்னு அய்யன்காளி வேலைநிறுத்தம் நடத்தினார். கூலிக்காக இல்லை, பள்ளிக்கூடத்துக்காக வயலைக் காயப்போட்ட வேலைநிறுத்தம். நூறு வருஷம் கழிச்சு, 2018 ஜூலையில், அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் பெண் ஒருத்தர் சத்துணவு சமைக்க வந்தார்னு சாதி இந்துப் பெற்றோர் பள்ளியை மறிச்சாங்க, பிள்ளைகளை அனுப்ப மறுத்தாங்க. அதிகாரிகள் என்ன செய்தாங்க? அந்தப் பெண்ணை இடம் மாத்தினாங்க! போராட்டம் நடந்த பிறகுதான் மாறுதல் ரத்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. அந்தப் பெற்றோரை யாராவது 'பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பொறுப்பற்ற பெற்றோர்'னு சொன்னாங்களா? அது 'ஊர் உணர்வு'. நம்ம பிள்ளை வராட்டி 'அக்கறையின்மை'.

அதே வருகை நாளில் நம்ம பிள்ளைக்கு என்ன வேலை கொடுத்தாங்கன்னும் பாருங்க. 2022 கடைசியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை பக்கம் பாலக்கரைப் பள்ளியில், பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வச்சது வெளியே வந்தது. எப்படி வந்தது? ஒரு பையன் டெங்குக் காய்ச்சலில் படுத்தான், அம்மா விசாரிச்சா. தலைமையாசிரியர் கைதானார். பதிவேட்டைப் புரட்டினா அந்தப் பிள்ளைங்க வருகை சரியாத்தான் இருந்திருக்கும். வந்தாங்க, கழுவினாங்க. இந்த வருகையை வச்சு என்ன செய்ய?

பெற்றோருக்கு அக்கறை இல்லைங்கிற பொய்யை 1999இலேயே வட மாநிலங்களில் வீடு வீடாகப் போய் ஆய்வு செஞ்ச புரோப் அறிக்கை உடைச்சது. ஏழைப் பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் பிள்ளை படிக்கணும்னுதான் விரும்பறாங்க, பள்ளிதான் பள்ளியா இல்லைன்னு சொன்னது. தமிழ்நாட்டில் 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழித் தேர்வுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வரலை. சட்டசபையில் கேள்வி வந்தது. அப்போதைய கல்வி அமைச்சர் நம்ம திருவெறும்பூர்க்காரர். நீண்ட நாளா வராதவங்களையும் பட்டியலில் வச்சுத் தேர்வுக்கு அழைச்சதால் எண்ணிக்கை கூடிச்சுன்னு விளக்கம் கொடுத்தாங்க. சரி, அப்ப அந்த நீண்ட நாள் எப்ப ஆரம்பிச்சது, முதல் நாள் யார் போய்க் கேட்டாங்க? அந்த ஐம்பதாயிரத்தில் நம்ம பிள்ளைங்க எத்தனை பேருன்னு பிரிச்சுச் சொல்லச் சொல்லி இயக்கங்கள் கேட்டிருக்கணும். கத்திட்டு விட்டுட்டோம்.

சேரிக்குள்ள நாமளே கட்டுப்பாடு போடலாமேன்னு சிலர் யோசனை சொல்றாங்க. மட்டம் போட்ட பையன் வீட்டுக்குத் திருவிழாவில் தலைக்கட்டு வரி ரெண்டு மடங்குன்னு ஒரு ஊரில் பேச்சு வந்ததா கேள்விப்பட்டேன். வேண்டாம். ஊர்க்கட்டுப்பாடுன்னா என்னன்னு நம்மைவிட யாருக்குத் தெரியும்? 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைங்க மிட்டாய் வாங்க வந்தப்போ 'கட்டுப்பாடு வந்திருக்கு, உங்க தெருவுக்குக் கொடுக்க மாட்டோம்'னு கடைக்காரன் சொல்லி அனுப்பினானே, அந்தச் சொல்லை நம்ம தெருவுக்குள்ள கொண்டுவர வேண்டாம். அங்க நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவங்களை ஆறு மாசம் ஊருக்குள்ள நுழையக் கூடாதுன்னு வெளியேத்தினது. விலக்கி வைக்கிறதுன்னா யாரை விலக்கணும்னு அதில் தெரிஞ்சது.

அப்ப என்ன செய்யலாம்? அபராதத்துக்குப் பதிலா நான் சொல்றது கொஞ்சம் உழைப்பு கேட்கும். பையன் வராத மூணாவது நாள் நம்ம தெருவிலிருந்து ரெண்டு பேர் அவன் வீட்டுக்குப் போகணும். அடிக்கிறதுக்கு இல்லை, கேட்கிறதுக்கு. அதுவும் அப்பன் முன்னால கேட்கக் கூடாது, தனியா. பிறகு பள்ளிக்குப் போகிறபோது அந்தத் தகப்பனை ஒத்தையா அனுப்பாமல் கூட நாலு பேர் போகணும். நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து பேசணும். நாற்காலி போடலைன்னா அதையும் எழுதி வச்சுக்கணும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்கணும்கிறது சட்டம். நம்ம தெருப் பெண்கள் எத்தனை பேர் அதில் இருக்காங்கன்னு எனக்குச் சொல்லுங்க. பேருக்குக் கையெழுத்து வாங்கிக்கிட்டு விட்ட இடங்களில் அடுத்த கூட்டத்துக்கு அவங்களோட போய் வாசலில் நில்லுங்க.

பஸ் நிற்கலைன்னா போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதணும், நேரம், தடம் எண், வண்டி எண்ணோட. தாமதமா வந்த பிள்ளையை வெளியே நிறுத்திக் கேட்டைச் சாத்துற பள்ளி, கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடை செய்த மனத் துன்புறுத்தலைச் செய்யுதுன்னு நான் வாதாடுவேன். 32ஆவது பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுத்தா மூணு மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும். சாதியைச் சொல்லிப் பள்ளிக்குள்ள விடாமல் தடுத்தா அது 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைச் சட்டத்திலேயே குற்றம். கடமையைச் செய்யாத அரசு ஊழியருக்கு 4ஆவது பிரிவு இருக்கு. பாக்கி இருக்குன்னு மாற்றுச் சான்றிதழைப் பிடிச்சு வச்சிருக்கிற தனியார் பள்ளிக்கு, அது பாக்கி வசூலிக்கிற கருவி இல்லைன்னு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் நகலைக் கொண்டு போய்க் கொடுங்க.

முதல் வேலையா, இந்தச் சுற்று வட்டாரப் பள்ளிகளில் ஒரு மாசத்துக்கு மேல் வராத பிள்ளைங்க எத்தனை பேர், அதில் பட்டியல் சாதி, பழங்குடி எத்தனை, அவங்க வீட்டுக்கு யார் எந்தத் தேதியில் போய் விசாரிச்சாங்கன்னு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போறோம். மனு மாதிரி தட்டச்சு செஞ்சு வச்சிருக்கு. பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டணும். மேடைக்குப் பின்னால ரெண்டு தோழர்கள் உட்கார்ந்திருக்காங்க. கல்லூரி மாணவர்கள் ஆளுக்கு ஒரு பள்ளியை எடுத்துக்கிட்டுப் பேரைப் பதிஞ்சுட்டுப் போங்க. அபராதம் கேட்ட தோழரும் ஒரு பள்ளியை எடுத்துக்கணும்னு கேட்டுக்கிறேன். லால்குடிக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவங்க முதல்ல எழுதிட்டுக் கிளம்புங்க.